வளைந்த ஆக்சிலும் முறிந்த ஆக்சிலும்

கோவையில் நான் வேலை பார்க்கும் பட்டறையின் சுவரில் இரண்டு ஆக்சில்கள், அதாவது சக்கரங்களைத் தாங்கிச் சுழலும் தண்டுகள், தொங்குகின்றன. ஒன்று லேசாக வளைந்தது. மற்றொன்று இரண்டு துண்டு. இரண்டுமே நான் கடைந்தவை. கார்ட் (தரையோடு ஓடும் சின்னப் பந்தய வண்டி) பந்தயத்துக்கு வண்டி செய்யும் கல்லூரி மாணவர்கள் வந்தால், விலை பேசுவதற்கு முன் இவற்றைக் கையில் கொடுத்துவிடுவேன்.

"நல்ல ஹார்டான ஆக்சில் வேண்டும் அண்ணா, ஈஎன்24-இல் செய்து கொடுங்கள்." அநேகமாக எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள். ஈஎன்24 என்பது ஒரு வலுவான எஃகு ரகம்; எஃகு கடினமானால் ஆக்சிலும் விறைப்பாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். ஒரு காலத்தில் நானும் அதைச் சரியென்றே நம்பினேன்.

கார்ட்டுக்கு இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் இல்லை, சஸ்பென்ஷனும் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்சிலில் இறுக்கப்பட்டிருப்பதால், வளைவில் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுச் சற்று எழும்பினால்தான் வண்டி இலகுவாகத் திரும்பும். எழும்பாவிட்டால் டயர் இழுபடும், எஞ்சின் திணறும். அந்தச் சக்கரம் எப்போது எழுந்து எப்போது இறங்க வேண்டும் என்பதில் சட்டகத்தோடு ஆக்சிலின் நெகிழ்வுக்கும் பங்குண்டு. அதனால்தான் ஓட்டுநர்கள் "சாஃப்ட்" (நெகிழ்வது), "ஹார்ட்" (விறைப்பானது) என்று ஆக்சிலை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள்.

முறிந்த ஆக்சில் 30 மில்லிமீட்டர் முழுத்தண்டு. ஈஎன்24-ஐ, கடினத்தன்மையை அளக்கும் ராக்வெல் சி அளவில் 50 வரை கடினப்படுத்திக் கொடுத்திருந்தேன். பயிற்சி ஓட்டத்தில் பையன் பிரேக்கை மிதித்தபோது, பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் ஹப் நழுவாமலிருக்க ஆக்சிலில் வெட்டிய பள்ளமான கீவேயிலேயே முறிந்துவிட்டது. பின் ஆக்சிலில் மட்டும் பிரேக் உள்ள வண்டி. டயர் அடுக்கில் மோதி நின்றது. பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

முறிந்த முகத்தைப் பார்த்தால் கதை தெரிந்தது. கீவேயின் கூர்மையான மூலையில் தொடங்கி, அலை வடிந்த ஈரமணலில் இருப்பதுபோல் வரிவரியாக விரிசல் நகர்ந்திருந்தது. மிச்சமிருந்த பகுதி மட்டும் பொடிப்பொடியாக மின்னியது. பல நாளாக உள்ளே வளர்ந்திருக்கிறது. வெளியே ஓர் அறிகுறியும் இல்லை.

முதலாளி என்னைத் திட்டவில்லை. ஈஎன்8 என்ற சாதாரண எஃகுத் தண்டு ஒன்றையும் அதே பதத்தில் கடினப்படுத்திய ஈஎன்24 தண்டு ஒன்றையும் எடுத்தார். இரண்டும் 30 மில்லிமீட்டர். 600 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு தாங்கிகள் வைத்து, நடுவில் 100 கிலோ தொங்கவிட்டு, தண்டு எவ்வளவு தாழ்கிறது என்று காட்டும் டயல் கேஜைப் பார்க்கச் சொன்னார். இரண்டு முறையும் முள் அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டி ஒரே இடத்தில் நின்றது.

எஃகு எந்த ரகமானாலும், பொருள் நெகிழாமல் எவ்வளவு எதிர்க்கும் என்று சொல்லும் மீள்மை எண் ஏறத்தாழ 205 கிகாபாஸ்கல்தான். காய்ச்சி எண்ணெயில் அமுக்கினாலும் அது மாறுவதில்லை. விறைப்பைத் தருவது விட்டமும் சுவர்க் கனமும். 50 மில்லிமீட்டர் குழாய், சுவர் 1.9 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், 30 மில்லிமீட்டர் முழுத்தண்டைவிட இரண்டு மடங்கு விறைப்பு வருகிறது. 1,040 மில்லிமீட்டர் நீளத்துக்கு எடையோ 5.8 கிலோவிலிருந்து 2.3 கிலோவாக இறங்குகிறது. உலோகக் கலவையும் கடினப்படுத்திய பதமும் முடிவு செய்வது வேறொன்றை: எவ்வளவு சுமைக்குப் பிறகு தண்டு நிரந்தரமாக வளையும், அதன்பின் வளைந்துகொண்டே போகுமா, பட்டென்று முறியுமா என்பதை. சுவரில் தொங்கும் அந்த வளைந்த ஆக்சில் ஈஎன்8. ஓடுதளத்தின் விளிம்புக் கல்லில் ஏறி வளைந்தது. வண்டி குலுங்கியதும் ஓட்டுநர் தானாகவே ஓரங்கட்டிவிட்டார்.

அலுமினியம் 7075 கேட்டும் சிலர் வருகிறார்கள். எடை எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் மீள்மை எண்ணும் மூன்றில் ஒரு பங்குதான். எஃகைப்போல அதற்குத் தெளிவான சோர்வு வரம்பும் (எத்தனை முறை வளைந்தாலும் விரிசல் விடாத சுமை அளவு) கிடையாது. நான் செய்து தருவதில்லை.

இப்போது நான் எடுப்பது 4130 எஃகுக் குழாய், அல்லது ஈஎன்19 எஃகு. ராக்வெல் 28 முதல் 32 வரை, அதற்குமேல் யார் கேட்டாலும் ஏற்றுவதில்லை. கீவேயை, முனையில் செங்குத்தாக நிற்கும் பள்ளம் தரும் எண்ட் மில்லால் வெட்டாமல், சக்கரம் போன்ற வட்டக் கட்டரால் வெட்டுகிறேன். முனையில் பள்ளம் சரிவாக மேலேறி முடியும். அடி மூலையில் அரை மில்லிமீட்டர் ஆரமாவது இருக்க வேண்டும். பொட்டலம் கட்டுவதற்கு முன் அந்த மூலையில் ஒருமுறை விரலை ஓட்டிப் பார்க்கிறேன். நகத்தில் பிசிர் மாட்டினால் மறுபடியும் மேசைக்குக் கொண்டுபோய்விடுவேன்.