செம்பருத்தியில் மாவுப்பூச்சி: எறும்பைத் தடுத்துப் பார்த்த அனுபவம்

காரைக்குடிப் பக்கம் வெயில் ஏற ஏற, வெள்ளை மாவு பூசினாற்போல் செடியில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சியும் பெருகும். எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிணற்றடியை ஒட்டி நிற்கும் செம்பருத்திகளில் இந்தச் சித்திரையில் நல்ல பாதிப்பு. கொழுந்து கொத்தாகச் சுருண்டது, மொட்டு விரியாமலே உதிர்ந்தது. கீழ் இலைகளெல்லாம் பிசுபிசுவென்று, மேலே கரும்பூசணம்.

முதலில் சுருண்ட நுனிகளைக் கத்தரித்தேன். சாறு உறிஞ்சும்போது பூச்சி விடும் எச்சில்தான் இலையைச் சுருட்டுகிறது. அது மறுபடி நிமிராது, மடிப்புக்குள் மருந்தும் போகாது. வெட்டியதைக் குப்பைக்குழியில் போடாமல் சோப்புத் தண்ணீரில் முக்கி வைத்தேன்.

அப்புறம் வேப்பெண்ணெய், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால்தான் எண்ணெய் தண்ணீரோடு கலக்கும். பொழுது சாய்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய அடித்தேன்; நம் ஊர் வெயிலில் பகலில் அடித்தால் இலை கருகிவிடும். பூச்சி குறைந்தது, பிறகு திரும்பி வந்தது.

எதிர்வீட்டு ஆச்சி பார்த்துவிட்டு, "மருந்து கிடக்கட்டும் தம்பி, தண்டைப் பாரு, எறும்பு சாரை சாரையா ஏறுது" என்றார். விஷயமே அங்கேதான் இருந்தது. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கிறது, பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டுகிறது. தண்டில் துணி நாடா சுற்றி விளக்கெண்ணெய் தடவினேன். பட்டையில் நேராகத் தடவ எனக்கு மனமில்லை. சுவரைத் தொட்ட கிளைகளையும் வெட்டினேன், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும். செம்மண் புழுதி படிந்து எண்ணெய் காய்ந்துவிடுவதால் அடிக்கடி தடவ வேண்டியிருக்கிறது.

எறும்பு நின்றதும் பொறிவண்டுகள் வந்தன, கருப்பு உடம்பும் ஆரஞ்சுத் தலையுமாக. காப்பிச் செடிப் பூச்சியை ஒழிக்க 1898ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த இனம் அது. இதன் புழுவும் வெள்ளை மெழுகு போர்த்தி மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். பெரிதாக இருந்து விறுவிறுவென்று நகர்ந்தால் அது பொறிவண்டுப் புழு, தயவுசெய்து நசுக்காதீர்கள். அதைக் கண்டதும் வேப்பெண்ணெயையும் நிறுத்தினேன். 2008ல் கோவையில் தென்பட்டுத் தமிழ்நாடெங்கும் பரவிய பப்பாளி மாவுப்பூச்சியையும் 2010ல் வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிதானே (பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவி) அடக்கியது!

இப்போது புதுக்கொழுந்து நேராக வருகிறது, பூவும் விரிகிறது. சுவரோர அடுக்குச் செம்பருத்தியில் மட்டும் இன்னும் பூச்சி இருக்கிறது. அது தரையிலிருந்தே பல தண்டாகப் பிரிந்திருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி நாடா கட்ட வேண்டும். இந்த வாரம் அந்த வேலைதான்.