புள்ளிக்குப் பின்னால் வரும் எண்

மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு அமெரிக்காவில் ஒஹாயோவுக்கு வந்தேன். இங்கேயும் ஒரு சிறிய கல்லூரி நூலகத்தில்தான் வேலை. ஊரில் மாணவர்கள் கவுன்டருக்கு வெளியே நிற்பார்கள். இங்கே உள்ளே உட்கார்ந்திருப்பதே அவர்கள்தான். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, அடுக்குவது, இரவில் விளக்கணைத்துப் பூட்டுவது எல்லாம் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள். அவர்களைப் பழக்கும் பொறுப்பு என்னுடையது.

1964-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில், வசதி குறைந்த மாணவர்கள் படித்துக்கொண்டே வேலை பார்த்தால் சம்பளத்தில் பெரும்பகுதியை மத்திய அரசு தருகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது கிடையாது, கல்லூரிதான் கொடுக்கவேண்டும். வகுப்பு நடக்கும் மாதங்களில் வளாகத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் அவர்கள் வேலை செய்யவும் கூடாது.

முதல் செமஸ்டரில் ஆறு பேரை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசினேன். பாதி செமஸ்டருக்குள் மூன்று பேர் போய்விட்டார்கள். ஒரு பையனிடம் ஏன் என்று கேட்டேன். "நான் வந்தாலும் வராவிட்டாலும் இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் மாற்றிக்கொண்டேன். ஒரு நாளைக்கு இருபது நிமிடம், ஒரே ஒரு விஷயம். இங்கே புத்தகங்கள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முறைப்படி நிற்கின்றன. எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு ஒவ்வொரு புத்தகத்துக்கும் உண்டு, அந்த வரிசையில்தான் அடுக்கவேண்டும். அதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. புள்ளி சி58, புள்ளி சி6, இரண்டில் எது முன்னால்? ஆறுதானே சின்னது என்று சி6-ஐ முதலில் வைப்பார்கள். அது தசம எண், 58-தான் முன்னால் வரவேண்டும். இடம் மாறி நிற்கும் புத்தகம் தொலைந்த புத்தகம்தான். தேடி வருகிறவர் வெறுங்கையோடு திரும்புவார்.

பழகியதும் ஆளுக்கு ஒரு வரிசை அலமாரியை ஒப்படைத்துவிடுவேன். நேபாளத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு பிஎல் வரிசை போனது. பிஎல்4758, தமிழ் இலக்கியத்தின் இடம். எங்களிடம் இருபது புத்தகம் இருந்தால் அதிகம். அவள் ஒன்றை எடுத்துவந்து, "தீதி, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள். தீதி என்றால் அவர்கள் மொழியில் அக்கா. மற்றவர்கள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், எனக்கும் அது பழகிவிட்டது. ஆனாலும் அந்த ஒரு சொல்லுக்கு அன்று என் கண் கலங்கிவிட்டது.

இப்போதெல்லாம் பரீட்சை அட்டவணையை முதலில் வாங்கிக்கொண்டுதான் ஷிஃப்ட் போடுகிறேன். வந்ததும் சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். ஆரம்பத்தில் விழித்தார்கள். இப்போது கேட்காமலே சொல்கிறார்கள்.

அந்த நேபாளப் பெண் படிப்பு முடியும்வரை எங்களோடே இருந்தாள். கடைசி மாதம் புதுப் பையன் ஒருவன் சி6-இல் தடுக்கினான். நான் எழுந்து போவதற்குள், அவள் பையிலிருந்து சில்லறையை எடுத்து மேசையில் பரப்பினாள். ஒரு பக்கம் இரண்டு குவார்ட்டரும் (இருபத்தைந்து சென்ட் காசு) ஒரு டைமும் (பத்து சென்ட்). மறுபக்கம் இரண்டு குவார்ட்டர், ஐந்து சென்ட் நிக்கல் ஒன்று, ஒரு சென்ட் பென்னி மூன்று. "அறுபது சென்ட், ஐம்பத்தெட்டு சென்ட். எது சின்னது?" என்றாள்.