அரைக் கட்டையில் மாட்டிய மேளம்: டிவி ஸ்டூடியோவுக்குப் போய் வந்த கதை

நிகழ்ச்சி ஒளிபரப்பாகிவிட்டது. பணமும் ஒருவழியாக வந்து சேர்ந்தது. இனி எழுதலாம்.

நான் தவில், மச்சான் நாயனம், அதாவது நாதஸ்வரம். ஊர் ஆடுதுறைப் பக்கம். கிடார், டிரம்ஸ், கீபோர்டு இவற்றோடு நம் வாத்தியத்தையும் சேர்த்து ஸ்டூடியோவில் வாசிக்க வைக்கும் டிவி நிகழ்ச்சி ஒன்றுக்கு எங்கள் செட்டைக் கூப்பிட்டார்கள். கோக் ஸ்டூடியோ பார்த்திருப்பீர்கள். 2008-இல் பாகிஸ்தானில் வந்து பேர் வாங்கி, 2011-இல் இந்தியாவுக்கும் 2023-இல் தமிழுக்கும் வந்ததே, அது. எங்களைக் கூப்பிட்டது அது இல்லை, அதே பாணியில் வேறு ஒன்று. பேர் வேண்டாம். டெல்டாவில் இன்னும் பல செட்டுகளுக்கு இந்த மாதிரி போன் வரும், வரவும் வேண்டும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் சொன்ன தேதி ஆடி மாதத்தில் இருந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, கோயில் வேலை மட்டும்தான். உடனே ஒத்துக்கொண்டோம். செட் போட்டு முடியவில்லை என்று தள்ளினார்கள். பாடகிக்குத் தொண்டை சரியில்லை என்று மறுபடியும் தள்ளினார்கள். தள்ளித் தள்ளி அது வந்து நின்ற இடம் ஆவணி முகூர்த்தம். அன்றைக்குக் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் வாங்கியிருந்தோம். வேறு நல்ல செட்டாகப் பார்த்து ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு மச்சான் போய்ச் சொன்னார். “டிவிக்குப் போறீங்களா, போங்க போங்க” என்று பெண்ணின் அம்மா சொன்னது வாழ்த்தா வசவா என்று இன்றுவரை தெரியவில்லை. தேதியை ஒத்துக்கொள்ளும்போதே, தள்ளிப்போனால் முகூர்த்த நாளில் வரமாட்டோம் என்று வாட்ஸப்பில் எழுத்தாகப் போட்டுவிடுங்கள். வாயால் சொன்னதை அங்கே யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. நம்மோடு பேசுகிற ஆளே மாதத்துக்கு ஒருவர் மாறுகிறார்.

காகித வேலை தனிக்கதை. ஆளுக்கு ஆள் பான், ஆதார், வங்கி விவரம், கூடவே பெயர் அச்சிட்ட செக் ஒன்றை ‘கேன்சல்’ என்று எழுதி அனுப்பச் சொன்னார்கள். மேளக்காரன் கணக்கில் ஏது செக் புத்தகம்? வங்கிக்குப் போனால் கவுண்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே “அப்ளை பண்ணிட்டுப் போங்க, தபால்ல வரும்” என்றார். வரவில்லை. திரும்பப் போனால் மச்சானின் கையெழுத்து பழைய கார்டோடு ஒத்துப்போகவில்லையாம். இருபது வருஷத்துக்கு முந்தைய கையெழுத்து. அதுவுமில்லாமல் பாஸ்புக்கில் இனிஷியலோடு பேர், பானில் அப்பா பேர் முழுசாக விரிந்து பின்னால் நிற்கிறது. கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஆள்.

கடைசியில் பார்த்தால் செக்கே தேவையில்லை. பாஸ்புக் முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, வங்கி முத்திரையும் மேனேஜர் கையெழுத்தும் வாங்கி அனுப்பினால் போதுமாம். கணக்குப் பிரிவில் ஒரு பெண் போனில் போகிறபோக்கில் சொன்னார். இதை முதல் நாளே சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. இரண்டாவது நாயனக்காரருக்கு இன்னொரு சிக்கல். ஆதாரோடு பானை இணைக்காதவர்களுக்கு 2023 ஜூன் 30-க்குப் பிறகு பான் செயலிழந்துபோனதே, அதில் அவருடையதும் ஒன்று. அப்படியே விட்டால் 10 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் வரிப் பிடித்தம். 1000 ரூபாய் கட்டி இணைத்தோம். உங்கள் செட்டில் தாளம் போடுகிறவர் வரைக்கும் இப்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி சுருதிக்கு வருகிறேன். வயிறு எரிந்தது இங்கேதான்.

அவர்கள் அனுப்பிய படிவத்தில் சுருதி என்ன என்று கேட்டிருந்தார்கள். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எங்கள் கணக்கு, எண் கூடினால் சுருதி உயரும். இரண்டரைக் கட்டை என்று தெளிவாக எழுதினோம், மச்சான் வாசித்து வாய்ஸ் மெசேஜும் அனுப்பினார். கட்டைக் கணக்கு அவர்களுக்குப் புரியாதோ என்று பக்கத்திலேயே ‘டி ஷார்ப்’ என்றும் போட்டோம். அங்கே யாரோ அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அரையை விட்டுவிட்டு இரண்டு என்று ஏற்றியிருக்கிறார்கள். பின்னணி இசை மொத்தமும், வயலின் கூட்டம் உட்பட, ‘டி’யில் தயாராகி உட்கார்ந்திருக்கிறது. ஒத்திகைக்குப் போய் மச்சான் சட்ஜமம் (‘ச’) பிடித்ததும் கீபோர்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

“அரைதானே சார், கொஞ்சம் இறக்கி வாசிங்க” என்றார் ஒருங்கிணைப்பாளர். நாயனத்தை அப்படி இறக்க முடியாது. உலவு என்கிற குழலின் நீளமும் துளைகளும் ஆசாரி கடைந்தபோதே முடிவானவை. கீழே இருக்கும் துளைகளில் மெழுகை வைத்தும் எடுத்தும், வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றியும், அதைச் செருகும் கெண்டையில் கொஞ்சம் ஏற்றி இறக்கியும் நூலளவு சரிசெய்யலாம். அரைக் கட்டை என்பது நூலளவா? மூச்சை அடக்கி ஓரிரு சுரத்தை இறக்கலாம், ஒரு ராகம் முழுக்க அப்படி வாசித்தால் சுருதி நாய்படாத பாடு படும். மச்சானிடம் இருப்பது நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் செய்த பாரி என்கிற நீள நாயனம். 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே ஊர் வாத்தியம்தான். முந்தியெல்லாம் வாசித்தது திமிரி என்கிற குட்டை நாயனம், நாலு கட்டை ஐந்து கட்டை என்று அலறும். நீளத்தைக் கூட்டி, சுருதியைத் தணித்துப் பாரியைக் கச்சேரி வாத்தியமாக்கியதில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கும் நரசிங்கம்பேட்டை ஆசாரிக்கும் பங்கு உண்டு. அத்தனை பாடுபட்டு நிலைநிறுத்திய சுருதியை ஒருவர் டைப் அடிக்கும்போது விட்ட அரைக்காக இன்னொரு தரம் இறக்கச் சொல்கிறார்கள்.

கம்ப்யூட்டர் தம்பி ஒரு யோசனை சொன்னார். நீங்கள் உங்கள் சுருதியிலேயே வாசியுங்கள், நான் அப்புறம் சாப்ட்வேரில் அரை இறக்கிக்கொள்கிறேன் என்று. செய்தும் காட்டினார். கம்பீரநாட்டை ராகத்தின் காந்தாரச் சுரம் ஜலதோஷம் பிடித்த மாதிரி கேட்டது. மச்சான் பேசாமல் நாயனத்தைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். சத்தம் போட்டிருந்தால்கூட அவ்வளவு வேகமாக வேலை நடந்திருக்காது. எல்லாரும் எங்கள் சுருதிக்கு ஏறி வந்தார்கள். கீபோர்டில் ஒரு பட்டன். கிடார்காரர் கிடாரின் கழுத்தில் கிளிப் மாட்டிக்கொண்டார், பேஸ் கிடார் கம்பிகளை முறுக்கினார்கள், புல்லாங்குழல்காரர் பையிலிருந்து வேறு குழல் எடுத்தார். பதிவு செய்த வயலின்களை அந்தத் தம்பியே அரை ஏற்றிவிட்டார், அவை பின்னால் மெல்லிசாகக் கேட்பதால் தெரியவில்லை. பாடகிதான் பாவம், மேல் சட்ஜமத்தில் சிரமப்பட்டார். ஆனாலும் நல்ல பெண், முகம் சுளிக்கவில்லை.

அதோடு முடிந்ததா? ஏசியை வைத்துக் கொன்றார்கள். குளிரில் நாயனத்தின் சுருதி இறங்கும், ஊதி ஊதிச் சூடேறினால் ஏறும். தவிலுக்கு அதற்கு நேர்மாறு. காற்று காய்ந்திருந்தால் தோல் இழுத்துக்கொண்டு வலப்பக்கமான வலந்தலை ‘டங் டங்’ என்று கத்தும். இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தோம். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் நான் போல்டை லூஸ் செய்ய, மச்சான் சீவாளியை எச்சில் ஈரத்திலேயே வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டேக் ஆரம்பிப்பதற்கு முன் கால்மணி நேரம் விடாமல் வாசித்துச் சூடேற்ற இடம் வேண்டும் என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்டபோது மாடிப்படிக்கு அடியில் ஒரு இடம் காட்டினார்கள். சீவாளி வழக்கத்தைவிட இரட்டிப்பாகக் கொண்டுபோங்கள். கொருக்கைத்தட்டை என்கிற நாணலில் செய்த பழகின சீவாளிகூட அந்தக் காற்றில் வாய் விரிந்துகொள்கிறது.

லைவ் என்று சொல்வதை நம்பி நேரடி ஒளிபரப்பு என்று ஊரெல்லாம் சொல்லிவைக்காதீர்கள். எல்லாரும் ஒன்றாக ஒரே நேரத்தில் வாசிக்கிறோம், அதுதான் லைவ். டேக் மேல் டேக் போகும், நல்லதை எடுத்து மிக்ஸ் செய்து பல வாரம் கழித்துப் போடுவார்கள். தவில் சத்தம் மற்ற மைக்கில் எல்லாம் ஏறுகிறது என்று என்னைக் கண்ணாடி அறைக்குள் போட்டுவிட்டார்கள். முதலில் மச்சானின் முதுகுதான் தெரிந்தது. நாயனக்காரர் முகம் பார்க்காமல் தவில் வாசிப்பதா? ஆளைத் திருப்பி உட்காரவைக்கிற வரை நான் விரலில் கூடு மாட்டவில்லை.

காதில் செருகும் இயர்போனுக்கு ஒரு டப்பா உண்டு, அதை பெல்ட்டில் மாட்ட வேண்டும். வேட்டியில் ஏது பெல்ட்? உதவியாளர் தம்பி அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் அரைஞாண் கயிற்றில் கிளிப்பைப் போட்டேன். கடைசி டேக் வரை அசையவில்லை.

அந்த இயர்போனில் ‘டிக் டிக்’ என்று ஒன்று அடித்துக்கொண்டே இருக்கும். டிரம்ஸ்காரர்களுக்கு அது பழக்கம். எனக்கு அதில் கைகாலே ஓடவில்லை. ஐந்து ஐந்தாக எண்ணும் கண்ட நடைக்கு மாறினதும் அது ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம். டேக் கெட்டுக்கொண்டே போனது. கீழே இருந்து யாரோ “தவிலை அப்புறம் தனியா எடுத்துக்கலாம்” என்று சொன்னது என் காதிலேயே கேட்டது. மைக்கை மூடாமல் பேசிவிட்டார்கள். ரோஷமாகிவிட்டது. அந்த டிக் டிக்கை என் அக்கா பையன் காதில் மட்டும் போடுங்கள், அவன் தாளம் போடட்டும், எனக்கு அவன் தாளத்தை மட்டும் கொடுங்கள் என்றேன். பையன் கெட்டி. டிக் டிக்கை அப்படியே தாளத்தில் இறக்கினான். அடுத்த டேக்கே ஓகே. டிரம்ஸ்காரரும் எனக்கும் தாளமே போதும் என்று டிக் டிக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார். கோர்வை என்கிற முத்தாய்ப்பு முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் குச்சியைத் தூக்கிக் கும்பிட்டார். அலைந்த அலைச்சலுக்கு அது ஒன்று போதும்.

மச்சான் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். மல்லாரி கேட்டார்கள். மல்லாரி சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது, கலர் லைட்டுக்கு இல்லை, கம்பீரநாட்டை வாசிக்கிறேன், மல்லாரி என்று மட்டும் பேர் போடாதீர்கள் என்றார். ஒத்துக்கொண்டார்கள். மல்லாரியை மேடையில் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் தப்பாகத் தெரியவில்லை. இருந்தாலும் அவர் நாயனம், அவர் முடிவு.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இதை எழுதியே பயனில்லை. பதிவுக்காகக் கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறிப் படுத்தபிறகு போனுக்கு வந்தது, முழுக்க ஆங்கிலம். மயிலாடுதுறையில் வக்கீலாக இருக்கும் சித்தப்பா பையனுக்கு அனுப்பினேன். வண்டி தாம்பரம் வரும்போது கூப்பிட்டான். “அண்ணே, ஆறு மாசத்துக்கு வேற எங்கயும் பொதுவில வாசிக்கக் கூடாதுன்னு இருக்கு. கல்யாணம், கோயில் எல்லாம் அதுல வந்துடும். கையெழுத்துப் போட்டுடாதீங்க.” வேறு டிவியில் வரக்கூடாது என்பதற்காக எழுதியதாம், கம்பெனியின் சட்டப் பிரிவு அகலமாக எழுதிவிட்டதாம். மேக்கப் அறையில் வைத்து அந்த வரியைப் பேனாவால் அடித்து, இரண்டு பக்கமும் சுருக்கொப்பம் போட்ட பிறகுதான் உள்ளே போனோம். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, வாசிக்கிற கலைஞனுக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமை வந்திருக்கிறது, நிகழ்த்துநர் உரிமை 50 வருஷத்துக்கு உண்டு என்றும் அவன் சொன்னான். அதைப் பற்றிக் கேட்டதற்கு எங்களுக்குப் பதில் வரவில்லை. நீங்களும் கேளுங்கள், பத்து செட் கேட்டால் பதில் வரலாம்.

ஒளிபரப்பில் எங்கள் பேருக்குக் கீழே ‘நாட்டுப்புறக் கலைஞர்கள்’ என்று போட்டுவிட்டார்கள். நாட்டுப்புறக் கலை ஒன்றும் குறைச்சல் இல்லை, ஆனால் நாங்கள் வாசிப்பது அது இல்லை. மச்சானின் இனிஷியலும் தப்பு. எழுதிக் கேட்டதில் யூடியூபில் கீழே இருக்கும் விவரத்தில் திருத்தினார்கள், வீடியோவில் வருவது வந்ததுதானாம். பேரும் வாத்தியமும் ஊரும் எப்படி வர வேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப் அடித்து, படப்பிடிப்புக்கு முன்னாலேயே மெயிலில் கொடுத்துவிடுங்கள்.

பணம் தீபாவளி கழிந்துதான் வந்தது, 10 சதவீதம் பிடித்தம் போக. அதைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம் என்று ஆடிட்டர் சொல்கிறார். போன வாரம் மன்னார்குடியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் கூப்பிட்டு, டிவியில் வாசித்ததை அப்படியே வாசிக்க வேண்டும், டிரம்ஸ்காரரும் வருவாரா என்று கேட்டார்கள். அவருக்குப் போன் போட்டேன். தை மாதம் தேதி காலியாக இருக்கிறதாம், தாளத்துக்கு அந்தப் பையன் வந்தால் வருகிறேன் என்கிறார்.