பேஜ் எல்லையில் விடுபடும் பைட்டுகள்

புரோகிராம் கோப்பை நினைவகத்தில் ஏற்றும் இயங்குதளப் பகுதியான புரோகிராம் லோடரில், மெமரி மேப்பிங் (கோப்பின் பகுதிகளை நினைவக முகவரிகளோடு பொருத்துவது) பிழை இருந்தால் அது லோடர் பிழையாகக் கண்ணில் படுவது அரிது. புரோகிராம் ஏறிவிடும், ஓடத் தொடங்கும், சில வரிகளை அச்சிடவும் செய்யும். பிறகு ஏதோ ஒரு குளோபல் வேரியபிளைத் தொட்டதும் விழும். அல்லது விழாமலே, பூஜ்யமாக இருக்க வேண்டிய எண் வேறெதையோ காட்டும். சந்தேகம் முதலில் கம்பைலர் மேலும், பிறகு அந்த நிரலை எழுதியவர் மேலும் போகும். இந்த வேலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான்: எல்ஃப் என்ற வடிவத்தில் இருக்கும் புரோகிராம் கோப்பின் ஹெடரில், அதாவது தலைப்பகுதியில், அளவுகள் பைட் கணக்கில் இருக்கின்றன, மெமரி மேப்பிங்குக்குத் தெரிந்ததோ பேஜ் எனும் நிலையான அளவுத் துண்டுகளின் கணக்கு மட்டும். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுகிற பைட்டுகளில்தான் பிழை உட்கார்ந்திருக்கும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். இந்தப் பத்தியிலும் அடுத்த இரண்டிலும் முகவரிகளும் செக்மென்ட் அளவுகளும் ஹெக்ஸ் (16 அடிமான) எண்கள். பேஜ் அளவு 1000, அதாவது தசமத்தில் 4096 பைட். ஒரு டேட்டா செக்மென்ட், அதாவது வேரியபிள்கள் இருக்கும் பகுதி, கோப்பில் 2900இல் தொடங்குகிறது; நினைவகத்தில் அதன் முகவரி 3900; கோப்பில் அதன் அளவு 710; நினைவகத்தில் 750. மேப்பிங் 3900இல் தொடங்க முடியாது. முகவரியை 3000க்கும், கோப்பில் தொடங்கும் இடமான ஆஃப்செட்டை 2000க்கும் இறக்க வேண்டும். இரண்டும் ஒரே 900 அளவு இறங்குவதால்தான் இது சாத்தியமாகிறது. பேஜ் அளவால் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே மீதி வராத கோப்பை லோடர் முதலிலேயே மறுத்துவிட வேண்டும். அடுத்தது நீளம். 710ஐ மட்டும் மேலே முழுமையாக்கினால் ஒரு பேஜ். இறக்கிய 900ஐயும் சேர்த்தால் 1010, ஆக இரண்டு பேஜ். அந்த 900ஐச் சேர்க்க மறந்த லோடரில் 4000 முதல் 4010 வரையுள்ள (தசமத்தில்) 16 பைட்டுகளுக்கு மேப்பிங்கே இருக்காது. செக்மென்ட்டின் முன்பகுதியில் பெரும்பாலும் டைனமிக் லிங்கிங் (ஓடும்போது லைப்ரரிகளை இணைப்பது) அட்டவணைகள் இருக்கும், அவை சரியாக ஏறியிருக்கும். அதனால்தான் புரோகிராம் தொடங்கிவிட்டு, முதல் டேட்டா வேரியபிளில் விழுகிறது. செக்மென்ட் பேஜின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கும் சிறிய சோதனைப் புரோகிராம்களில் இந்தப் பிழை வெளியே வராது.

மறுமுனை இன்னும் வில்லங்கமானது. 4010 முதல் 4050 வரை பிஎஸ்எஸ், அதாவது கோப்பில் இடமே இல்லாமல் பூஜ்யமாகத் தொடங்க வேண்டிய பகுதி. ஆனால் 4000இல் தொடங்கும் பேஜ் முழுவதும் கோப்பிலிருந்து வந்தது. கோப்பில் 3010க்குப் பிறகு என்ன இருக்கிறதோ அதுவும் சேர்ந்து வந்துவிடும். ஜிசிசி கம்பைலர் கட்டிய கோப்புகளில் வழக்கமாக அந்த இடத்தில் கமென்ட் செக்‌ஷன் இருக்கும். அதில் கம்பைலரின் பெயரும் பதிப்பும் எழுத்துகளாகப் பதிந்திருக்கும். பிஎஸ்எஸ்ஸின் முதல் நான்கு பைட்டை லிட்டில் எண்டியன் (குறைந்த மதிப்புள்ள பைட் முதலில் வரும்) இன்டிஜராகப் படித்து 977486663 வந்தால், அது ‘ஜிசிசி:’ என்ற ஆங்கில எழுத்துகளின் ஆஸ்கி (எழுத்துக் குறியீட்டு எண்) மதிப்பு. பொருளில்லாத பெரிய எண் தென்பட்டால் அதை எழுத்துகளாக மாற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம். பல மணி நேரம் மிச்சமாகும். பிழை தேடுவதற்கான தகவல்களோடு கட்டிய டீபக் பில்டில் கோப்பின் பின்பகுதி வேறாக இருப்பதால் பெரிய பிஎஸ்எஸ் உள்ள புரோகிராம் அங்கே வேறு குப்பையைக் காட்டும். இதைப் பார்த்துப் பலர் கம்பைலரின் ஆப்டிமைசரைத் துருவப் போய்விடுகிறார்கள்.

ஆக, 4010இலிருந்து பேஜ் முடிவுவரை, தசமத்தில் 4080 பைட்டைப் பூஜ்யமாக்க வேண்டும். 4050இல் நிறுத்தினால் போதும் என்று தோன்றும். ஆனால் சில அமைப்புகளில் ஹீப், அதாவது புரோகிராம் ஓடும்போது கேட்டுப் பெறும் நினைவகம், அங்கிருந்தே தொடங்கும், ஆகவே முடிவுவரை துடைப்பதே சரி. இந்த ஒரு வரியில் மூன்று கண்ணிகள் உண்டு. கோப்புப் பகுதி சரியாகப் பேஜ் எல்லையில் முடிந்தால், 4096இலிருந்து மீதியைக் கழிக்கும் சூத்திரம் 0க்குப் பதில் 4096 என்று தரும். அடுத்த பேஜ் முழுவதும் அழியும், அல்லது இயங்குதளத்தின் மையமான கெர்னலே ஃபால்ட் ஆகும். செக்மென்ட்டுக்கு எழுதும் அனுமதி இல்லையென்றால் துடைப்பதே தோற்கும். முதலில் எழுதும் அனுமதியுடன் மேப் செய்து, துடைத்து, பிறகே அனுமதியைக் குறைக்க வேண்டும். மூன்றாவது, சொந்தமாக இயங்குதளம் எழுதுபவர்களிடம் அதிகம்: மேப்பிங் பிரைவேட்டாக (எழுதினால் தனி நகல் எடுப்பதாக) இல்லாமல், கோப்புகளின் நினைவக நகலான பேஜ் கேஷின் பேஜையே நேராகக் கொடுத்திருந்தால், துடைப்பது கேஷில் உள்ள கோப்பையே கெடுத்துவிடும்.

பிழையைத் தேடும்போது இரண்டு அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதைவிடச் சிறந்த வழி இல்லை. ஒருபுறம் ரீட்எல்ஃப் கருவி காட்டும் புரோகிராம் ஹெடர்கள், மறுபுறம் ஓடும் பிராசஸின் மேப்பிங்குகளைப் பட்டியலிடும் மேப்ஸ் கோப்பு. முகவரிகளைக் குலுக்கிப்போடும் ஏஎஸ்எல்ஆரை அணைத்துவிட்டால் முகவரிகள் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறாது. ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும் தொடக்கத்தையும் முடிவையும் கையால் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். விழுந்த விதமும் துப்புக் கொடுக்கும். செக்மென்டேஷன் ஃபால்ட் என்றால் அங்கே மேப்பிங் இல்லை, அல்லது அனுமதி தவறு. பஸ் எரர் என்றால் கோப்பு முடிந்த பிறகும் கோப்பு மேப்பிங் நீள்கிறதா என்று பார்க்க வேண்டும். நினைவக அளவையே கோப்பு அளவாக எடுத்துக்கொண்ட லோடர் இப்படித்தான் விழும். பிஎஸ்எஸ் அடுத்தடுத்த பேஜ்களுக்கு நீண்டால் அவை கோப்போடு தொடர்பில்லாத அநாமதேய மேப்பிங்காக இருக்க வேண்டும்.

செக்மென்ட்களைத் தனித்தனியாக வைப்பதும் ஆபத்து. லினக்ஸ் கெர்னலில் 2015இல் திருத்தப்பட்ட ஒரு பிழை இதற்குச் சான்று. எந்த முகவரியிலும் ஏறக்கூடிய பிஐஈ புரோகிராமுக்கு இடம் தேடும்போது லோடர் முதல் செக்மென்ட்டின் அளவுக்கு மட்டும் இடம் பார்த்தது. மீதி செக்மென்ட்கள் ஸ்டாக்குக்காக விட்டிருந்த இடைவெளிக்குள் போய் உட்கார்ந்தன. அப்போது அது பாதுகாப்புக் குறையாகக் கருதப்படாததால் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் சிலவற்றில் திருத்தம் சேரவில்லை. அதை வைத்து ரூட் (முழு நிர்வாக) அதிகாரம் பெறலாம் என்று 2017இல் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் காட்டியது, பாதுகாப்புக் குறைகளின் பட்டியலில் சிவிஈ-2017-1000253 அதுதான். சரியான முறை: மிகக் கீழான தொடக்கத்திலிருந்து மிக மேலான முடிவுவரை மொத்த அளவைக் கணக்கிட்டு, அந்த நீளத்தை ஒரே தடவையில் ஒதுக்கி, அதற்குள் ஒவ்வொன்றாக வைப்பது. மேப்பிங் செய்யும் அழைப்பான எம்மேப்பின் ஃபிக்ஸ்டு கொடி (சொன்ன முகவரியிலேயே வை என்பது) ஏற்கெனவே இருக்கும் மேப்பிங்கைச் சத்தமில்லாமல் அழித்துவிடும் என்பதால், ஒதுக்கிய எல்லைக்கு வெளியே அதைப் பயன்படுத்தவே கூடாது. லினக்ஸ் 4.17இல் வந்த அந்தக் கொடியின் நோரிப்ளேஸ் வகை, இடம் காலியாக இல்லாவிட்டால் பிழை என்று சொல்லிவிடும். முதல் ஒதுக்கீட்டுக்கு அதுவே பொருத்தம்.

பேஜ் அளவு எப்போதும் 4096 என்று எழுதிவைத்த லோடர்களுக்கு இப்போது புதிய சோதனை வந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 15 முதல் 16 கேபி பேஜ் உள்ள சாதனங்களுக்கு ஆதரவு உண்டு. 4 கேபி சீரமைப்பில் கட்டிய கோப்பை அங்கே ஏற்றினால், படிக்க மட்டுமான செக்மென்ட்டும் எழுதக்கூடிய செக்மென்ட்டும் ஒரே பேஜில் விழலாம். எப்படி முழுமையாக்கினாலும் அது தீராது. கோப்பை இணைத்துக் கட்டும் லிங்கரில் அதிகபட்சப் பேஜ் அளவை 16384 என்று கொடுத்து மறுபடி கட்டுவதே நேரான வழி.

திருத்தியபின் சோதனைக்கு வழக்கமான புரோகிராம்கள் போதாது. லிங்கர் ஸ்கிரிப்ட் மூலம் வேண்டுமென்றே கோணலான கோப்புகளைக் கட்ட வேண்டும்: கோப்புப் பகுதி பேஜ் எல்லையில் முடிவது, அதற்கு ஒரு பைட் முன்னே, ஒரு பைட் பின்னே, கோப்பு அளவு 0ஆக உள்ள செக்மென்ட், பல பேஜ் நீளும் பிஎஸ்எஸ். கோப்பு அளவு நினைவக அளவைவிடப் பெரிதாக இருப்பதும், முகவரியோடு அளவைக் கூட்டினால் 64 பிட்டைத் தாண்டுவதும் மறுக்கப்பட வேண்டிய கோப்புகள். ஒவ்வொரு புரோகிராமும் தன் பிஎஸ்எஸ் முழுவதும் பூஜ்யமா என்று தானே பார்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அந்தக் கோப்பின் செக்சம்மை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) எடுத்து ஒப்பிட வேண்டும். மாறியிருந்தால் துடைத்தது பிராசஸின் நகலை அல்ல, பேஜ் கேஷை.