வாசலில் நிறுத்தப்பட்டவர்

மார்ச் 14, 2025, வெள்ளி

டோனி பென் இறந்து இன்றோடு பதினோரு ஆண்டுகள் நிறைகின்றன. வரும் ஏப்ரல் 3 அவருடைய நூற்றாண்டு நாள். பிரிட்டனின் தொழிற்கட்சியைச் சேர்ந்த அவர், 1950 நவம்பரில் தம் 25ஆம் வயதில் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியின் இடைத்தேர்தலில் வென்று, மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழவையான காமன்ஸ் சபைக்குள் சென்றார். நடுவில் இருமுறை இருக்கையை இழந்தும் 2001 வரை உறுப்பினராக இருந்தார். பல பத்தாண்டுகள் விடாமல் நாட்குறிப்பு வைத்திருந்தவர் அவர். அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அவர் முதலில் அறிமுகமானது அஞ்சல்தலைகள் வழியாக. அவரைப் பற்றி எழுத நாட்குறிப்பே பொருத்தமென்று தோன்றியதால், நூற்றாண்டு நாள் வரை இதில் எழுதி வருவேன்.

மார்ச் 16, ஞாயிறு

அவருடைய தந்தை வில்லியம் வெட்ஜ்வுட் பென், 1929 முதல் 1931 வரை இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர். தண்டியிலும் நம் வேதாரண்யத்திலும் உப்பு அள்ளப்பட்டபோது லண்டனில் அந்த நாற்காலியில் இருந்தவர் அவரே. வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தியை 1931இல் ஆறு வயதுச் சிறுவனாகச் சந்தித்ததை மகன் முதுமையிலும் நினைவுகூர்ந்து பேசினார்.

மேலவையான பிரபுக்கள் சபையில் தொழிற்கட்சிக்கு ஆள் பலம் தேவைப்பட்டதால் 1942இல் தந்தைக்கு விஸ்கவுன்ட் ஸ்டான்ஸ்கேட் என்ற, வாரிசுக்குச் செல்லும் பிரபுப் பட்டம் தரப்பட்டது. பட்டத்துக்குரிய மூத்த மகன் மைக்கேல் சமயப் பணிக்குச் செல்ல விரும்பியவர்; பட்டத்தை ஏற்பதில் அவருக்கு மறுப்பு இல்லை. ஆனால் 1944இல் விமானப்படையில் பணியாற்றியபோது மைக்கேல் உயிரிழந்தார். அண்ணனின் சாவோடு, கேட்காத ஒரு பட்டமும் தம்பியின் தலைமேல் வந்து நின்றது.

மார்ச் 19, புதன்

இன்று எழுதுவதுதான் என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கையின் மையம்.

1960 நவம்பர் 17 அன்று தந்தை காலமானார். அந்தக் கணமே, எந்தக் கையெழுத்தும் எந்தச் சடங்கும் இல்லாமல், மகன் பிரபு ஆகிவிட்டார். பிரபுவாகிவிட்டவர் காமன்ஸ் சபையில் உட்கார முடியாது என்பது சட்டம். பட்டம் வேண்டாம் என்று சொல்லவும் அந்தச் சட்டத்தில் வழியில்லை. தந்தை உயிரோடு இருந்தபோதே, 1955இல், இதிலிருந்து விடுபட நாடாளுமன்றத்தில் அவர் செய்த முயற்சி தோற்றிருந்தது. மாற்றுக் கட்சித் தலைவரான சர்ச்சிலே அவருக்கு ஆதரவாகக் கடிதம் தந்திருந்தும் பயனில்லை.

காலியானதாக அறிவிக்கப்பட்ட அதே தொகுதியில், தகுதி இல்லாதவர் என்று தெரிந்தே, 1961 மே 4 அன்று அவர் மீண்டும் போட்டியிட்டார். தங்கள் வாக்கு செல்லாமல் போகலாம் என்று எச்சரிக்கப்பட்ட பிறகும் 23,275 பேர் அவருக்கு வாக்களித்தனர். எதிர்த்து நின்ற பழமைவாதக் கட்சியின் மால்கம் செயின்ட் கிளேருக்குக் கிடைத்தவை 10,231. வென்றவர் சபைக்கு வந்தபோது வாயிற்காவலர் அவரை உள்ளே விடவில்லை. பிறகு தேர்தல் நீதிமன்றம், தகுதியற்றவர் என்று தெரிந்தே போட்ட வாக்குகள் வீணானவை என்று கூறி, தோற்றவருக்கு இருக்கையை அளித்தது. அந்த செயின்ட் கிளேரும் ஒரு பிரபுப் பட்டத்துக்கு அடுத்த வாரிசாக இருந்தவர்தான்.

வாக்குப்பெட்டியில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேல் கூடுதலாகப் பெற்றவர் வெளியே நிற்க, பின்தங்கியவர் உள்ளே அமர்ந்த அந்த இரண்டு ஆண்டுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாக்காளர்கள்மீதுதான் மதிப்பு பெருகுகிறது. அவர்களில் பலர் விமானத் தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள்.

மார்ச் 20, வியாழன்

நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். பட்டத்தைத் துறக்க வழிசெய்த சட்டம் 1963 ஜூலை 31 அன்று அரச ஒப்புதல் பெற்றது. அன்று மாலையே பென் தம் பட்டத்தைத் துறந்தார். சட்டம் மாறினால் விலகுவேன் என்று சொல்லியிருந்த செயின்ட் கிளேர் அச்சொல்லைக் காப்பாற்றினார்; அந்த நேர்மையையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆகஸ்ட் 20 இடைத்தேர்தலில் பென் திரும்பி வந்தார். அதே சட்டத்தைப் பயன்படுத்தித்தான், இரண்டே மாதங்களில், ஹோம் பிரபு தம் பட்டத்தைத் துறந்து பழமைவாதக் கட்சியின் பிரதமராகக் காமன்ஸ் சபைக்கு வந்தார்.

மார்ச் 22, சனி

2001இல் இதே நாளில் அவர் காமன்ஸ் சபையில் விடைபெற்றுப் பேசினார். அதிகாரம் படைத்த எவரிடமும் கேட்க வேண்டியவை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஐந்து கேள்விகள் இவை: உங்களிடம் என்ன அதிகாரம் இருக்கிறது? அது எங்கிருந்து வந்தது? யாருடைய நலனுக்காக அதைப் பயன்படுத்துகிறீர்கள்? யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்? உங்களை நாங்கள் எப்படி நீக்குவது? அந்த ஐந்தாவது கேள்வியை, பிறப்பால் வந்த பதவியிலிருந்து தம்மைத்தாமே நீக்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் போராடிய ஒருவர் கேட்டார் என்பதை நான் மறக்கவே இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

அஞ்சல்தலைக்கு வருகிறேன். 1964 அக்டோபரில் ஹரால்ட் வில்சன் ஆட்சி அமைத்தபோது பென் அஞ்சல்துறைத் தலைமை அமைச்சரானார். பிரிட்டனின் அஞ்சல்தலையில் நாட்டின் பெயர் இராது. அரசர் அல்லது அரசியின் தலையே நாட்டின் அடையாளம். அந்தத் தலை இல்லாமல் வரையலாமா என்று ஓவியர் டேவிட் ஜென்டில்மேன் கேட்டதை ஏற்று, மாதிரிகளை அரண்மனைக்கே எடுத்துச் சென்று, தரையில் பரப்பி எலிசபெத் அரசியிடம் காட்டினார் பென். தலையை முழுவதும் எடுக்க இயலவில்லை. ஆனால் 1966 முதல் சிறப்பு வெளியீடுகளில் அது மூலையில் ஒரு சிறு நிழலுருவாகச் சுருங்கியது. இடம் கிடைத்ததும் ஓவியங்களுக்கு மூச்சு வந்தது. என் தொகுப்பில் அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களைப் பார்த்தாலே மாற்றம் புலப்படும்.

மார்ச் 29, சனி

தொழில்நுட்பம், தொழில், எரிசக்தி எனத் துறைகள் மாறின. பொதுவாக அமைச்சர் பதவி மனிதர்களை மிதமாக்கும். இவரை அது மேலும் இடதுபக்கம் தள்ளியது. ஐரோப்பியப் பொதுச்சந்தையில் நீடிப்பது பற்றிய 1975 பொதுவாக்கெடுப்பில் வெளியேறும் பக்கம் நின்று தோற்றார். உடனே வில்சன் அவரைத் தொழில்துறையிலிருந்து எரிசக்திக்கு மாற்றினார்.

1981இல் கட்சியின் துணைத்தலைவர் பதவிக்கு டெனிஸ் ஹீலியை எதிர்த்து நின்று, ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். அவர்மீது எனக்குள்ள அன்பைத் தள்ளிவைத்து எழுதுகிறேன்: கட்சி ஏற்கெனவே பிளந்திருந்த அந்த ஆண்டில் அந்தப் போட்டியை அவர் தவிர்த்திருக்க வேண்டும். 1983 பொதுத்தேர்தலில் தொழிற்கட்சி 27.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. பிரிஸ்டலில் அவரும் தோற்றார். மறு ஆண்டு மார்ச் 1 அன்று செஸ்டர்ஃபீல்டில் வென்று திரும்பினார். சில நாள்களிலேயே தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

நாளை நூற்றாண்டு நாள். ஆனால் இன்றைய தேதியை வைத்தே முடிக்கிறேன். 1911 ஏப்ரல் 2 இரவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது, பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய எமிலி வைல்டிங் டேவிசன், நாடாளுமன்றக் கட்டடத்தின் அடித்தளத்திலுள்ள சிற்றாலயத்தில் துடைப்பங்கள் வைக்கும் அறைக்குள் ஒளிந்துகொண்டார். கணக்கெடுப்பில் தம் இருப்பிடம் காமன்ஸ் சபை என்று பதிவாக வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தச் சிற்றறைக் கதவில் அவருக்கு ஒரு நினைவுப் பலகையை, யாரிடமும் அனுமதி கேட்காமல், பென் தம் கையாலேயே திருகாணி முடுக்கிப் பொருத்தினார். 2014 மார்ச் 26 இரவு, இறுதிச் சடங்குக்கு முன், அவருடைய உடல் அந்தச் சிற்றாலயத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது.