இருபது நிமிடத் தூரம்

"தூரம் சார். போய்வர நேரம் போதாது."

நான் சொன்ன இந்த வரிக்காக யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லி, மன்னிப்பும் கேட்டு, இதற்குள் மறந்திருப்பேனோ என்னவோ. சொன்னது 2023 ஜூலையில். துபாயின் தெய்ராவிலிருந்து, எங்கள் கம்பெனித் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் இருக்கிற சோனாப்பூருக்குக் காரில் இருபது நிமிடம், மிஞ்சிப்போனால் அரை மணி நேரம். வாரம் தவறாமல் கேம்புக்குப் போய்வருகிற எனக்கு இது தெரியாததல்ல.

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரிக்கு அன்று ஒரு நாள் ஓய்வு. இரவு பத்தரைக்கு விமானம். "காலையிலிருந்து ஊரைச் சுற்றிக்காட்டி, விமான நிலையத்தில் விட்டுவிட்டு வா" என்றார் எங்கள் மேலாளர். அவ்வளவுதான் சொன்னார். எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இப்போது எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

முந்தின இரவு போர்மேன் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். பரமக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். "தம்பி, நாளைக்கு அந்த ஐயாவை ஒரு நடை இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். நாங்கள் எதுவும் பேச மாட்டோம். அறையைப் பார்த்தால் போதும்" என்றார். பார்க்கிறேன் அண்ணே என்றேன். அவர்கள் அறையில் ஏசி நின்று அன்றோடு மூன்று நாள். நானே போய்ப் பார்த்திருந்தேன். மேசை விசிறிக்கு முன்னால் கயிறு கட்டி, நனைத்த கைலி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே ஒரு வாளி. கால் மணி நேரத்தில் கைலி காய்ந்துவிடும். யாராவது ஒருவர் எழுந்து மறுபடி நனைத்துப் போட வேண்டும். இரவு முழுவதும் அதற்கு முறை வைத்திருந்தார்கள்.

காலையில் முதலில் அல் ஃபாஹிதிக்குப் போனோம். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டிய இடம் அது. ஈரானிலிருந்து வந்து குடியேறிய வணிகர்களின் பழைய வீடுகளில் பர்ஜீல் என்னும் காற்றுக்கோபுரத்துக்கு நேர் கீழே அவரை நிறுத்தினேன். நான்கு பக்கமும் திறப்பு உண்டு, எந்தத் திசையிலிருந்து காற்று வீசினாலும் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கிவிடும் என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தபடி நெடுநேரம் நின்றார். "மின்சாரம் வராத காலத்திலேயே மனிதன் தூங்குவதற்கு வழி பண்ணியிருக்கிறான் பாருங்கள்" என்றார். எனக்குக் கைலிதான் நினைவுக்கு வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். அதைவிடப் பொருத்தமான இடம் அந்த நாள் முழுவதும் வாய்க்கவில்லை.

பிறகு ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா என்னும் படகில் ஏறி க்ரீக்கைக் கடந்தோம். துபாயில் எண்ணெய் கிடைத்தது 1966-இல்தான், அதற்கு முன்பே கடன் வாங்கி இந்த நீர்வழியை ஆழப்படுத்தினார்கள், பெரிய கப்பல்கள் வந்தன, ஊர் வளர்ந்தது என்றெல்லாம் சொன்னேன். எனக்கு இந்த ஊரை மெய்யாகவே பிடிக்கும். விருந்தாளிக்கு எடுத்துச் சொல்லும்போது ஒரு பெருமிதம் வரும். அன்றும் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

தங்கக் கடைத்தெருவைப் பார்த்து முடித்தபோது மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. டிரைவர் காரை எடுத்து வரும்வரை நிற்பதற்காக, ஏசி வைத்த பஸ் நிறுத்தத்துக்குள் நுழைந்தோம். கண்ணாடிக் கதவு மூடியதும் அவர் முகம் மலர்ந்தது. "பஸ்ஸுக்கு நிற்கிறவருக்குக்கூட ஏசியா!" என்றார். சாலைக்கு எதிர்ப்பக்கம், சுவர் நிழலில் அட்டைகளை விரித்துப் பத்துப் பன்னிரண்டு பேர் படுத்திருந்தார்கள். முகத்தில் துண்டு. முதுகில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது இங்கே சட்டம் என்று அவருக்குச் சொன்னேன். நல்ல சட்டம் என்றார். கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நம் ஆட்கள் தங்கும் இடம் எங்கே? ஓர் எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?"

"தூரம் சார். போய்வர நேரம் போதாது."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

அந்த ஐந்து விநாடிக்கு எத்தனையோ காரணங்கள் சேர்த்துவைத்திருக்கிறேன். பகலில் அந்த அறை பூட்டித்தான் இருக்கும், எல்லோரும் சைட்டில் இருப்பார்கள். பார்த்தால் மேலாளருக்குத் தலைகுனிவு. புகார் செய்தது யார் என்று தேடுவார்கள், அண்ணனுக்கே வம்பாக முடியும். அடுத்த மாதம் எனக்கு விசா புதுப்பிக்க வேண்டும், மகள் இங்கே பள்ளியில் படிக்கிறாள். ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் பஸ் நிறுத்தத்தில் இவற்றில் எதையும் நான் நினைக்கவில்லை. நினைவுக்கு வந்தது ஒரு தாள். அந்த அறை ஏசியின் கம்ப்ரசரை மாற்றக் கேட்டு வந்திருந்த தாள், என் மேசையில்தான் இருந்தது. மூன்று இடங்களில் விலை கேட்க வேண்டும் என்பது விதி. இரண்டு வந்துவிட்டன, மூன்றாவதற்குக் காத்திருந்தேன். அவர் அறையைப் பார்த்திருந்தால் அடுத்த கேள்வி, "இது யாரிடம் நிற்கிறது?" என்பதுதான்.

ஆக, நான் காப்பாற்றியது கம்பெனியை அல்ல, என்னை. இப்படிச் சொன்னால் ஒரு தெளிவு கிடைத்ததுபோல் இருக்கிறது. ஆனால் சில நாள், அதுவும் பிற்பாடு நானே சேர்த்துக்கொண்டதோ என்று தோன்றுகிறது. வாயில் சட்டென்று வந்ததைச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதானோ? அப்படியென்றால் அது இன்னும் மோசம் என்றும் படுகிறது.

மாலையில் புர்ஜ் கலீஃபா. 124-ஆம் தளத்துக்கு லிஃப்ட் ஒரு நிமிடத்தில் ஏறிவிட்டது. உயரம் 828 மீட்டர், திறந்தது 2010 ஜனவரி 4 என்று சொல்லிக்கொண்டே போனேன். 80-ஆம் தளத்திலிருந்து 150-ஆம் தளம்வரை இருப்பவர்களுக்குச் சூரியன் தாமதமாக மறைவதால், ரமலானில் நோன்பு திறக்க இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும் என்று மார்க்க அறிஞர்கள் சொன்னதைக் கேட்டு மிகவும் வியந்தார். இந்தக் கட்டடத்தின் குளிர்சாதனத்தில் சேரும் நீரைப் பிடித்துவைத்துக் கீழே செடிகளுக்குப் பாய்ச்சுகிறார்கள் என்றும் ஆரம்பித்தேன். பாதியில் குரல் தடுமாறியது. இருமலைப்போல் சமாளித்தேன்.

அவர் கண்ணாடியோரம் நின்று கேட்டார்: "நம் ஆட்கள் இருக்கும் இடம் இங்கிருந்து தெரியுமா?"

கை நீட்டித் திசையைக் காட்டினேன். "புழுதியில் தெரியவில்லை சார்." அது உண்மை. அன்று அடிவானம் முழுவதும் மண்நிறமாக மங்கிக் கிடந்தது.

கேட்டாரே, இரண்டு முறை கேட்டாரே என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது. அக்கறை இல்லாதவராக இருந்திருந்தால் பழியில் பாதியை அவர்மேல் போட்டிருப்பேன். அவர் வந்திருந்தால் மட்டும் என்ன மாறியிருக்கும் என்றும் கேட்டுப் பார்க்கிறேன். மூன்றாவது விலைப்பட்டியல் மறுநாளைக்கு மறுநாள் வந்தது, அன்று சாயங்காலமே கம்ப்ரசரை மாற்றிவிட்டார்கள். எப்படியும் நடந்திருக்க வேண்டியதுதான் நடந்தது. இடையில் இரண்டு இரவுகள். ஓர் அறைக்கு இரண்டு இரவு என்றால் என்ன என்பதை, ஏசி ஓடும் வீட்டில் படுத்துக்கொண்டு நான் கணக்குப் போட முடியாது.

மறுநாள் காலை சைட் வாசலில் போர்மேன் அண்ணனைப் பார்த்தேன். கண்கள் சிவந்திருந்தன. நான் வாய் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"நேரம் இருந்திருக்காது தம்பி. ஒரே நாளில் எவ்வளவைத்தான் காட்ட முடியும்? நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்."

"ஆமாம் அண்ணே" என்றேன். "மத்தியானமே விமான நிலையம் கிளம்பும்படி ஆகிவிட்டது."