பழைய குழாயும் தேங்காய் எண்ணெயும்

பொள்ளாச்சியில் அப்பாரு கட்டிய வீட்டின் சமையலறை சிங்க்கில் பத்து நாட்களாகத் தேங்கிய தண்ணீர் நேற்று மாலைதான் முழுமையாக வடிந்தது. அதுவரை ரப்பர் பிளஞ்சரால் அழுத்திப் பார்த்தோம், வெந்நீரும் ஊற்றினோம், அடைப்பு அசையவில்லை.

பிளம்பர் அண்ணன் சிங்க்கின் அடியிலிருந்த வளைவைக் கழற்றிக் காட்டியபோதுதான் காரணம் விளங்கியது. இரும்புக் குழாயின் உட்புறம் துருவேறி, வழி விரலளவுக்குச் சுருங்கியிருந்தது. அந்தச் சொரசொரப்பில் எண்ணெய்ப் பிசுக்கும், போர்வெல் உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியம் சோப்புடன் சேர்ந்து உண்டாக்கும் கரையாத படிவும் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தன. நாங்கள் சமைப்பது தேங்காய் எண்ணெயில். அது ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், மார்கழி இரவுகளில் குழாய்க்குள்ளேயே கட்டியாகியிருக்கிறது. வெந்நீர் அதை இளக்கினாலும், சற்றுத் தள்ளிப்போய் அது மீண்டும் உறைந்திருக்கும்.

ஆசிட் ஊற்றலாமா என்று கேட்டேன். "வேண்டாங்க, துருப்புடிச்ச குழாய் ஓட்டையாயிருமுங்க" என்றார். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

சுருள் கம்பியை மெல்லச் சுழற்றிச் சுழற்றி உள்ளே செலுத்தி, ஒரு மணி நேரப் பொறுமையில் அவர் வழியைத் திறந்தார். தை பிறந்ததும் குழாய் முழுவதையும் பிவிசியாக மாற்றவிருக்கிறோம். அதுவரை எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவுகிறோம்.